உப்புக் கரித்த கமர்கட்டு

1

இந்தக் கதை பல்லடம் போகிற பஸ்ஸில், ஜன்னலோரச் சீட்டில், என் வாய்க்குள் பிறந்தது. திருப்பூரில் பஸ் ஏறும்போது பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் கமர்கட்டு வாங்கினேன். ஒன்றை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடினேன். முதலில் தித்திப்பு வந்தது. அதன் பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், உப்பும் வந்தது. துப்பவும் மனமில்லை, தின்னவும் முடியவில்லை.

நான் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிறவன். தையலில் குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பாக்கெட்டின் மேல் விலாசம் அச்சடித்திருந்தது, திருமுருகன்பூண்டி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சண்டை போடுவதற்காகவே கிளம்பிப் போனேன். போடவில்லை.

உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் ஒரு நல்ல விஷயம் நடந்ததா, நடக்கவில்லையா என்று எனக்கு இன்னமும் தெரியாது. தெரிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். டீ நேரத்தில் பக்கத்து டேபிள்காரரிடம் சொல்லி முடித்திருப்பேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

சிற்பிகளின் உளியோசை விடியலை எழுப்பும் திருமுருகன்பூண்டியில், ராக்கையா என்கிற மிட்டாய்க்காரர் தன்

(நிறுத்திவிட்டேன். அங்கே கல்லை அறுப்பது மெஷின். அது விடியலை எழுப்பினால் அக்கம்பக்கத்தார் சும்மா விடமாட்டார்கள்.)

அடுத்தது:

உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ராக்கையா பட்ட பாடுகள்

(இதையும் அடித்தாயிற்று. பட்ட பாடு எதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. மூன்று டம்ளர் டீ ஆறும்வரை அவர் சொன்னதெல்லாம் தின்ற கதைதான்.)

அப்படியானால் தின்ற கதையிலிருந்தே தொடங்குவதுதான் மரியாதை.

3

ராக்கையா கமர்கட்டு போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, ஓர் இரும்பு வாணலி, அவர், அவர் மனைவி ஒச்சாயி. தொழில் அவ்வளவுதான். ஆனால் அவருடைய ஆசை மிட்டாயின் மேல் இல்லை. அந்தந்த மாதத்தில் அந்த மண்ணில் எது விளைகிறதோ அதன் மேல்தான் உயிரை வைத்திருந்தார். தை பிறந்தால் பனங்கிழங்கு. மாசியில் தெளுவு என்கிற பதநீர், அதன் பின்னாலேயே கொடுக்காப்புளி. சித்திரையில் நுங்கு. ஆடிக் காற்றில் உதிர்கிற நாவல். ஆவணியில் பச்சைக் கடலை, புரட்டாசியில் சீத்தா. ஐப்பசியில் இடி இடித்தால் அவருக்குக் காளான் நினைப்பு வந்துவிடும். பருவம் தவறி வந்த எதையும் தொடமாட்டார். கார்த்திகையில் யாரோ மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தபோது, துக்கம் விசாரிப்பதைப் போல அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

இதையெல்லாம் கொண்டுவருகிறவர் மயிலாள். அவிநாசி ரோட்டில் புளியமரத்தடியில் கூடை வைத்து விற்கிறவர். தோட்டம் அவருடையது. எந்தப் பருவத்திலும் முதல் பறிப்பில் ஒரு பங்கு ராக்கையாவின் வீட்டுக்கு வந்துவிடும்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், கதை இதன் மேல்தான் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் சில கிணறுகளில் உப்புத் தண்ணீர். அது பாய்ந்த கரும்பில் காய்ச்சிய வெல்லமும் உப்புக் கரிக்கும். பார்த்தால் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது. ஒவ்வொரு மூட்டை பிரிக்கும்போதும் யாராவது வாயில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் வெல்லம் படிந்த நாக்குக்கு நாவல் சப்பென்றிருக்கும், தெளுவு வெறும் தண்ணீராக இறங்கும். அதனால் கல்யாணமான புதிதிலேயே புருஷனும் பெண்டாட்டியும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

"வெல்லம் என் வாய்க்கு, வெள்ளாமை உங்க வாய்க்கு" என்று ஒச்சாயி சொல்லியிருக்கிறார்.

வெல்லம் பார்ப்பது ஒச்சாயி. ராக்கையாவின் வாய் பருவத்துக்காகக் காலியாக இருக்கும். சாயங்காலம் அடுப்பு அணைந்து, ஒச்சாயி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்த பிறகு, வந்திருக்கிற காயையோ பழத்தையோ இரண்டாகப் பிட்டு ஆளுக்குப் பாதி தின்பார்கள். ராக்கையா தன் பாதியை உடனே தின்னமாட்டார். ஒச்சாயி ஏதாவது ஒரு குறை சொல்வதற்காகக் காத்திருப்பார்.

(குறை சொல்லாமல் ஒச்சாயி எதையும் விழுங்கியதில்லை. கடலையில் உப்புப் பத்தவில்லை, சீத்தா ஒரு நாள் பொறுத்திருக்கலாம், நுங்கு முற்றிப்போயிற்று. என் கம்பெனியில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.)

4

போன ஆடியில் ஒச்சாயிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மணத்தையும் ருசியையும் எடுத்துக்கொண்டு போனது. தானாகத் திரும்பிவிடும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

* இந்த இடத்தில் ஒரு மகளைக் கொண்டுவந்து கவலைப்பட வைத்திருந்தேன். பெயர்கூட வைத்தாயிற்று, வேல்விழி. அழுவதைத் தவிர அவளுக்குக் கதையில் வேலை இல்லை. பல்லடத்துக்குக் கட்டிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

ஆவணியில் மயிலாள் பச்சைக் கடலை கொண்டுவந்தார். அவித்து, தோலுரித்து, ராக்கையா நீட்டினார். ஒச்சாயி மென்றார்.

"எப்படியிருக்கு?"

"நல்லாருக்குங்க."

சீத்தாவுக்கும் அதே பதில், காளானுக்கும் அதே பதில். இலந்தையில் புழு இருந்தது, அதற்கும் "நல்லாருக்குங்க." ருசி தெரிந்த ஒச்சாயி ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை. தனக்காகத்தான் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை. மனிதனுக்கு மனிதன் செய்கிற மரியாதைகளில் இதைவிடப் பெரிதாக ஒன்றை நான் பார்க்கவில்லை.

வெல்லம் பார்க்கிற வேலை ராக்கையாவின் தலையில் விழுந்தது. மூட்டைக்கு மூட்டை நாக்கு மரத்தது. பனங்கிழங்குக்கும் அவருக்கும் நடுவே ஒரு திரை விழுந்துவிட்டது. அதைப் பற்றி அவர் பெரிதாக வருத்தப்படவும் இல்லை. ஒருத்திக்குத் தெரியாத ருசி தனக்கு மட்டும் எதற்கு என்று விட்டுவிட்டார்.

5

மாசியில் ஒரு காலை. மயிலாள் தூக்குப்போசியுடன் வந்து நின்றார்.

"ஏனுங்கண்ணா, மொதத் தெளுவுங்க. வெயிலேறுனாப் புளிச்சுப் போயிரும், சட்டுன்னு குடிங்க."

ராக்கையா இன்னும் வேலை தொடங்கவில்லை. வாய் சுத்தமாக இருந்தது. ஒரு வாய் குடித்தார். குளிர்ச்சி, லேசான சுண்ணாம்பு வாசம், அதற்குள் பனையின் இனிப்பு. ஆறேழு மாதமாக மூடிக் கிடந்த கதவை யாரோ வெளியிலிருந்து திறந்துவிட்டதைப் போல இருந்தது அவருக்கு. அவரை அறியாமல் சிரித்தார்.

"அக்காவுக்குங்கோ?" என்றார் மயிலாள்.

ஒச்சாயி டம்ளரை வாங்கிக் குடித்தார். "நல்லாருக்குங்க."

ராக்கையா கொட்டகைக்குப் போனார். புது மூட்டை வந்திருந்தது. பிரித்து, ஒரு துண்டு வெல்லத்தை உடைத்து உதடுவரை கொண்டுபோனார். நாக்கில் இன்னும் தெளுவு இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார். துண்டைக் கீழே வைத்துவிட்டார்.

வெல்லம் வாணலிக்குள் போனது. பாகைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்த்தார். கையால் உருட்டிப் பார்த்தார், வாயில் வைக்கவில்லை. தேங்காயைக் கொட்டினார். உருட்டியதில் பாதி அன்று சாயங்காலமே கடைகளுக்குப் போய்விட்டது.

6

மறுநாள் காலை, மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வாயில் ஒன்று அசைந்தால்தான் ஒச்சாயிக்குக் கை ஓடும். பழக்கம்தான், ருசிக்காக இல்லை. ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து,

"ஏங்க, என்ன இது? உப்புக் கரிக்குது?"

ராக்கையாவின் கை நின்றது. "என்ன சொன்ன?"

"உப்புங்கறேன். வெல்லத்த வாயில வச்சுப் பாக்கலையா? என்ன நெனப்புல கிண்டுனீங்க?"

அவரும் ஒன்றை வாயில் போட்டார். கரித்தது.

"இன்னொருக்கா சொல்லு."

"எதை?"

"திட்டுனேல்ல, அதை."

"கிறுக்குப் பிடிச்சுருச்சா உங்களுக்கு? அம்புட்டும் பாழாப் போச்சு, சிரிக்கிறதப் பாரு."

சிரித்துக்கொண்டேதான் கண்ணைத் துடைத்தார். இத்தனைக்கும் அது ஒரு வாரத்துப் பிழைப்பு.

(இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல இடம். என் புத்தி விடவில்லை.)

7

நான் போய் நின்று, "உங்க கமர்கட்டு உப்புக் கரிச்சுச்சு" என்றதும் ராக்கையா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பிக்கும் கரிச்சுச்சா?" பேரன் பிறந்த சேதி கொண்டுவந்தவனைப் போல உட்காரவைத்து டீ கொடுத்து, மேலே சொன்னதையெல்லாம் சொன்னார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கதை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷமும் அதில் கொஞ்சம் உண்டு. அதை மறைப்பானேன்.

திரும்பும் வழியில் புளியமரத்தடியில் நின்றேன். மயிலாளிடம் பேச்சுக் கொடுத்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது.

"பாவமுங்க. தெளுவு கொடுத்ததுக்கு மறுநாக் காத்தால பூண்டிக் கடைக்காரரு அக்கா போனுக்குத்தானுங்க கூப்பிட்டாரு, முட்டாயி உப்பா இருக்குதுன்னு. நானு அங்கதான் நின்னுட்டிருந்தனுங்க. அண்ணன் மேலுக்குத் தண்ணி வாத்துட்டு இருந்தாருங்க."

"அது அக்கா அவர்கிட்ட உப்புன்னு சொன்னதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"அதெல்லாம் ஆருங்க கண்டா? முட்டாயி உப்பா இருந்துச்சு, அக்கா உப்புன்னாங்க. அப்பறம் என்னுங்க உங்களுக்கு?"

எனக்கு என்ன என்றுதான் ஒரு வாரமாக யோசிக்கிறேன். ஆகவே முடிவுகள்:

அ) போன் பின்னால் வந்தது. ஒச்சாயியின் நாக்கு திரும்பிவிட்டது. சுபம்.

ஆ) போன் முன்னால் வந்தது. ஒச்சாயி போனை வைத்தார். வந்து உட்கார்ந்தார். ஒன்றை வாயில் போட்டார், வழக்கம்போல ஒன்றுமில்லை. பக்கத்தில் மாதக்கணக்கில் ஒரு குறைக்காகக் காத்திருக்கிற மனிதர். கொஞ்ச நேரம் மென்றார், பிறகு திட்ட ஆரம்பித்தார். (இது பொய் என்றால், இவ்வளவு பிரியமான பொய்யை யாரும் எனக்குச் சொன்னதில்லை.)

இ) சோதித்துப் பார்த்துவிடுவது.

மூன்றாவதுதான் என் தொழிலுக்கு ஏற்றது. இன்று காலை மறுபடியும் போனேன். ஒச்சாயி உள்ளே இருந்த நேரம் பார்த்து ராக்கையாவின் காதோடு சொன்னேன். போன் விஷயத்தை நான் எடுக்கவில்லை. "அக்காவுக்குத் தெரியாம ஒரு நாளைக்கு டீயில உப்பைப் போட்டுக் கொடுத்துப் பாருங்களேன்."

அவர் கிண்டுவதை நிறுத்தினார். கோபம் இல்லை. என்னைப் பார்த்து இரக்கப்பட்டதைப் போலத்தான் இருந்தது.

"பாகைத்தான் தம்பி தண்ணியில விட்டுப் பாக்கணும். பொண்டாட்டியவா?"

8

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோடனை செய்தால் கெட்டுவிடும்.

நான் நிற்கும்போதே புது மூட்டையைப் பிரித்தார். ஒரு துண்டு உடைத்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் வாய்க்குள் போய்க்கொண்டிருந்த துண்டு, இன்று ஒச்சாயியிடம் போயிற்று. பழையபடி. ஒச்சாயி கண்ணை மூடிச் சப்பினார்.

"வெல்லம் நல்லதுதான். மண்ணுதான் நெருடுது. கரைச்சு வடிகட்டிப் போடுங்க."

(மண் நெருடுவதற்கு ருசி தெரிய வேண்டியதில்லை. நான் கவனித்தேன். நீங்களும் கவனித்திருப்பீர்கள்.)

ராக்கையா தான் ஒரு துணுக்குக்கூட வாயில் வைக்காமல் முழு மூட்டையையும் கரைக்கப் போட்டார். மறுபடி கரித்தால் கடைக்காரர்கள் இந்த வீட்டு மிட்டாயைத் தொடமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

"நீங்க பாக்கலையா?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மயிலாக்கா கொடுக்காப்புளி கொண்டாந்துருக்கு தம்பி. இந்த வருசத்து மொதப் பறிப்பு. சாயங்காலத்துக்கு வாய வச்சிருக்கேன்."

அப்போது ஒச்சாயி இன்னொரு துண்டை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். "நீங்களும் பாருங்க தம்பி. குறை கண்டுபிடிக்கிற வேலையாமே."

அவர் முகத்தில் அப்போது இருந்தது

(முடியவில்லை. கெஞ்சலா, கேலியா, வெறும் உபசாரமா? மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டேன்.)

நான் கையை மூடிக்கொண்டேன். "உங்களுக்குச் சரின்னா சரிதாங்க்கா" என்றேன். அளவு எடுக்காமல் ஒரு பீஸை நான் பாஸ் செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்தத் துண்டு இப்போது என் மேஜையில், இந்த வரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எறும்பு வந்துவிட்டது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உப்பு வெல்லத்துக்கும் எறும்பு வரும். எனக்கு வேண்டாம், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் போட்டுப் பார்ப்பதும் எறும்புக்கே விட்டுவிடுவதும் உங்கள் இஷ்டம். எப்படியிருந்தது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

வெயில் இறங்கிவிட்டது. இந்நேரம் பூண்டியில் அடுப்பு அணைந்திருக்கும். ராக்கையா கொடுக்காப்புளியைப் பிட்டு ஒரு பாதியை நீட்டியிருப்பார், இன்னொரு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒச்சாயி மென்றுகொண்டே, இன்னும் ரெண்டு நாள் மரத்திலயே விட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.