சங்கு ஊதாமல் திறந்த மதகு

தலைமைப் பொறியாளர் ஓய்வு பெறுகிறார், விழாவில் அவருடைய பால்ய நண்பர் என்ற முறையில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அவருடைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். நான் என் ரிப்பேர் கடையில் ஒரு தையல் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அவரே என்னைக் கூப்பிடச் சொன்னாரா?"

"இல்லீங்க. அவங்க அம்மா சொன்னாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தவங்களாமே?"

அது பொய்யில்லை. எனக்கு அவன் கட்டையன். அவன் அம்மா எனக்கு அத்தை. அவன் கால் முறிந்து கிடந்த இரண்டு மாதமும் அவனை முதுகில் தூக்கித்தான் பள்ளிக்கூடம் கொண்டு போனேன். அவன் படித்துப் பொறியாளரானான். படிப்பு ஏறாத எனக்குத் தன் துறையிலேயே அணையில் மதகு திறக்கும் வேலை வாங்கிக் கொடுத்தான். அவனுக்குக் கோயில் கட்டாத குறைதான் அப்போது.

"வர்றேன்னு சொல்லும்மா" என்றேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைநாள் காலையில் அணை அறையின் தொலைபேசி அடித்தது. ஆற்றில் இருப்பவர்களை எச்சரிக்கச் சங்கு ஊதி, அரைமணி நேரம் கழித்துத்தான் மதகைத் தூக்க வேண்டும். அதுதான் விதி. போனில் கட்டையன் வேறு மாதிரி சொன்னான்.

"சங்கெல்லாம் வேணாம்டா. மந்திரி ஊருக்குள்ள இருக்காரு, ஜனங்க பதறிடுவாங்க. இப்பவே திற. நான் பாத்துக்கறேன்."

திறந்தேன். கீழே ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது.

விசாரணையில் கட்டையன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "நான் போனே பண்ணலை." அந்த அழைப்பை நான் எழுதி வைத்த பதிவேட்டில் அந்தப் பக்கமே இல்லை. என் வேலை போனது. கொத்தனாரின் மனைவி ஒருநாள் கடைத்தெருவில் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். போன் வந்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவன் மட்டும் படிப்படியாக ஏறினான். அவன் படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம் அந்தத் தாளை மெஷின் எண்ணெய் துடைக்க வைத்துக்கொள்வேன்.

விழாவுக்கு முந்தின நாள் கொத்தனாரின் மனைவி வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நான் சொல்றத நீங்க நம்ப வேணாம். நாளைக்கு விழா மண்டபத்துக்கு வந்து அந்த இன்ஜினியர் முகத்தப் பாருங்க. போதும்."

மண்டபத்தில் உட்கார இடமில்லை. அத்தை முன்வரிசையில் இருந்தார். ஒலிபெருக்கியில் என்னை அழைத்ததும் மேடையில் இருந்த கட்டையனின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. முதலில் அவனை முதுகில் தூக்கிப்போன கதையைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அந்த மழைநாள் காலையில் வந்த தொலைபேசியைச் சொன்னேன், அவன் பேசியதை ஒரு சொல் பிசகாமல். யாரோ என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்கள். பிடுங்கட்டும். கடைசி வரிசையில் கொத்தனாரின் மனைவி எழுந்து நின்றிருந்தாள்.

"ஐயா, நீங்க போன் பண்ணீங்களா, இல்லையா?"

அவன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கப் பார்த்தான். மூடி வரவில்லை.

அத்தை உட்கார்ந்தபடியே சொன்னார்: "உன்னத்தான்டா கேக்கறா. பதில் சொல்லு."

"பண்ணேன்" என்றான். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

மறுபடி விசாரணை வைத்தார்கள். நான் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முன்தினம் அவன் கடைக்கு வந்தான். வாடிக்கையாளர் முக்காலியில் குறுகி உட்கார்ந்தான்.

"மேலேர்ந்து உத்தரவுன்னு நான் சொன்னதா ஒரு வார்த்தை சேத்துக்கடா. என்ன இருந்தாலும் சின்ன வயசுலேர்ந்து பழகினவங்க நாம."

"அப்படிச் சொன்னியா?"

"இல்ல."

"அப்ப எழுந்திரு. அது கஸ்டமர் உக்கார்ற இடம்."

"அம்மா சாப்பிட மாட்டேங்கறாங்கடா. எங்கிட்டப் பேசறதும் இல்ல."

அத்தையை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக மனம் இளகவில்லை. பன்னிரண்டு வருஷம் ஊரார் என்னைக் கொலைகாரன் என்றபோது இவன் நிம்மதியாகத்தானே சாப்பிட்டான்?

மறுநாள் இரண்டரை மணி நேரம் சாட்சி சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வெளியே வந்தபோது கொத்தனாரின் மனைவி மரத்தடியில் நின்றிருந்தாள்.

"அன்னிக்கு உங்க சட்டையப் பிடிச்சிட்டேன் அண்ணே" என்றாள்.

"பரவால்லம்மா."

அவளோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். கட்டையனின் கார் எங்களைக் கடந்து போனது. பின்சீட்டில் அவன் தலை குனிந்திருந்தான். கண்ணை எடுக்காமல், அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்தேன்.