தாமதத்துக்குக் காரணம்

...இல்லை, இருக்காது, ஊருக்கு நாலு சுசித்ரா இருப்பார்கள், ஆனால் பிறந்த தேதி இவளுடையது, போன் நம்பர் இவளுடையது, ஊர் நாட்றாம்பாளையம் என்று கல்லூரிக் கம்ப்யூட்டரில் பளிச்சென்று நிற்கிறதே, ஐயோ, இது எப்படி? "ஏம்மா, மே மாசம் இருபதாம் தேதியே உன் பேர்ல அப்ளிகேசன் ஆரம்பிச்சு பாதியில நிக்குது, நீ என்னடான்னா கடைசி தேதி முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுப் புதுசா போட வந்திருக்கற?" என்றார் ஆபீஸ் மேடம் சுமலதா. கெமிஸ்ட்ரியில் மிச்சம் ஒரே ஒரு இடம், பிரின்சிபால் இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் உண்டு, இல்லையென்றால் திரும்பவும் ஓசூர் போன் கம்பெனியில் ஸ்குரூ முடுக்கப் போக வேண்டியதுதான். ஏன் தாமதம் என்று லெட்டர் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தாயிற்று, 'என் தாயார் படிக்க அனுமதிக்காததால்'. மேடம்கூடப் படித்துவிட்டு, பிரின்சிபால் மனசு எரங்குவாரு என்றார். பொய்யா அது? ரிசல்ட் வந்த அன்றே "படிச்சது போதும், வேலைக்குப் போ" என்றது யார்? நஞ்சம்மாதானே? பெற்றவளை மனசுக்குள் இப்படி மொட்டையாகப் பேர் சொல்லிப் பழகி ரெண்டு மாசம் ஆகிறது, கம்பெனி ஹாஸ்டலிலிருந்து போன் போடுவதும் நின்றுவிட்டது...

அப்படியென்றால் அந்த அப்ளிகேசனைப் போட்டது யார்? அண்ணன் வெங்கட்டா? நல்லா போட்டான், அவனுக்குத் தன் ஆதார் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. நேற்று சர்டிபிகேட் எடுக்க, அம்மா கூலி வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போனாளே, மார்க்ஷீட்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் இருந்தது, இவள் எடுக்காத ஜெராக்ஸ், வெங்கட் வேலையாக இருக்கும் என்று எரிச்சல்பட்டாளே தவிர யோசித்தாளா? "பழசையே முடிச்சுடலாம்மா, ஓ.டி.பி.தான் போடாம விட்டிருக்குது. இரு அனுப்பறேன், நம்பர் வந்ததும் சொல்லு" என்றார் மேடம். நம்பர் வந்ததும் சொல்லு...

அடக்கடவுளே. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், லாக்கரிலிருந்து போனை எடுத்து கேட்டைத் தாண்டியதும், தெரியாத நம்பரிலிருந்து அம்மா. "கண்ணு, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்குதாம், அதக் கொஞ்சம் சொல்லு." அன்று காலை டிரெயினிங்கில்தான் படித்துப் படித்துச் சொன்னார்கள், பெத்த அம்மாவே கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதீங்க என்று. என்ன கத்து கத்தினாள்! "யாரும்மா பக்கத்துல? அறிவிருக்குதா உனக்கு? எல்லாத்தையும் சுருட்டிருவானுங்க, வெச்சுடு!" "அது இல்ல கண்ணு..." அதற்கு மேல் கேட்கவில்லை, கட் பண்ணினாள், வந்திருந்த மெசேஜையும் அழித்தாள், எங்கம்மாவ ஏமாத்தப் பாத்தாங்க என்று ரூம்மேட் ஜெயப்ரியாவிடம் பெருமை வேறு. அன்றைய கூலியை விட்டு, அஞ்செட்டிக்கு பஸ் பிடித்து, எழுதப் படிக்கத் தெரியாதவள் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கடையில் மகள் மார்க்ஷீட்டோடு நின்றிருக்கிறாள், எப்படித் திரும்பிப் போனாளோ. அப்புறமாவது சொல்லியிருக்கலாமே... சொல்ல விட்டாளா இவள்?

கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஆறு எண்களையும் சொன்னாள், குரல் எங்கிருந்தோ வந்தது. "ம், ஆச்சு. லெட்டரோட உள்ள அனுப்பறேன்." லெட்டர்! "மேடம், மேடம், அதக் குடுங்க, காரணம் தப்பா எழுதிட்டேன்." "அதுதாம்மா நல்ல காரணம். மாத்துனா சீட்டு கெடைக்கறது கஷ்டம்." பிடுங்காத குறையாக வாங்கி அந்த வரியை அடித்தாள், காகிதம் கிழிகிற மாதிரி அடித்தாள். படிச்சது போதும் என்ற அதே வாய் பத்தே நாளில் எதற்கு மாறியது? கேட்கவே இல்லையே... 'என் தாயார் மே இருபதாம் தேதியே எனக்காக விண்ணப்பித்தார்' என்று எழுதினாள், அடுத்த வரியில் 'நான்' என்று தொடங்கினாள். "சீக்கிரம்மா, அவரு கெளம்பிருவாரு" என்று சுமலதா மேடம் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.