பீரங்கிப்படை வரிசையில் ஏழாவது மனை

எங்கள் அரசர்களுக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. நிலம் நடுங்கியது என்று ஆவா நகரை விட்டு அமரபுராவுக்கு வந்தார்கள். பதினைந்து வருடம் கழித்து, சோதிடர் தலையாட்டிவிட்டார் என்று அமரபுராவையும் பிரித்துப்போட்டு மாந்தலே மலையடிக்குக் கிளம்பச் சொன்னார்கள். அரண்மனையையே கழற்றி யானைமேல் ஏற்றினார்கள். நாங்களும் வீட்டுத் தேக்குத் தூண்களைப் பிடுங்கி வண்டியில் போட்டோம். ஊரே அழுதது. நான் மட்டும் சந்தோஷமாக இருந்தேன். இனி மே ம்யாவின் முகத்தில் விழிக்க வேண்டாம் அல்லவா?

மே ம்யா என் அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷன் கோ தா ஊ, அரசரின் பீரங்கிப்படையில் பத்துப் பேருக்குத் தலைவன். என் புருஷன் கோ யீ அந்தப் பத்தில் ஒருவர். அமரபுராவில் இருந்தபோது, கீழ்நாட்டில் வெள்ளைக்காரனோடு சண்டை என்று நான்கு பேரை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. முதல் நாள் வாசித்த பட்டியலில் மே ம்யாவின் தம்பி லூன் பெயர் இருந்தது; என் காதால் கேட்டேன். மறுநாள் அந்த இடத்தில் கோ யீ. மழைக்கு முன்னால் கூரையை மாற்றிவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் படகேறினார். எரிக்கக்கூட உடம்பு வரவில்லை. லூன் என் வாசல் வழியாகவே சீட்டியடித்துக்கொண்டு நடந்தான். கல்யாணம் செய்தான், நான்கு பிள்ளை பெற்றான்.

பெயரை மாற்றச் சொன்னது யார் என்று கிணற்றடியில் எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் கேட்டேன். முதல் நாள் தப்பாக வாசித்துவிட்டார்கள் என்றாள். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான்.

புது ஊரில் மனை பிரித்துக் கொடுத்த எழுத்தனிடம் போய் எனக்கு வேறு தெருவில் இடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவன் ஏட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பழைய ஊரில் யார் பக்கத்தில் யாரோ இங்கேயும் அப்படியே, படை வரிசை கலையக்கூடாது என்றான். நான் விதவை, எனக்கென்ன படை என்றேன். உன் மகன் வளர்ந்து அப்பன் இடத்துக்கு வருவானே என்றான்.

"நீ ஏழு, அவ எட்டு. நேத்து எட்டும் வந்து இதையேதான் அழுதுட்டுப் போச்சு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளும் என்னைவிட்டு ஓடத்தான் பார்க்கிறாள்.

அதன் பிறகு இருபத்தெட்டு வருடம் நான் சும்மா இருக்கவில்லை. காற்று அவள் வீட்டுப் பக்கம் அடிக்கும் நாளாகப் பார்த்து நாப்பி என்ற நாறும் மீன் ஊறல் பானையைத் திறந்து வைப்பேன். அவள் தன் வாசல் குப்பையை என் வேலிக்குத் தள்ளுவாள். விளக்குத் திருவிழா வந்தால் ஊரார் புத்தருக்கு விளக்கு வைப்பார்கள். நான் எங்கள் இருவருக்கும் பொதுவான வேலிமேல் ஒன்று வைத்து, கோ யீயின் பெயரை உரக்கச் சொல்வேன். அவள் சன்னலை அடைப்பாள். கோ தா ஊ செத்தபோது நான் போகவில்லை. வெட்கமில்லாமல் மீன் வறுத்தேன்.

அப்புறம் வெள்ளைக்காரன் ஆற்றுவழியே கப்பலில் மாந்தலேக்கே வந்துவிட்டான். அரசரையும் அரசியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனான். நாங்கள் தெருவில் மண்டியிட்டு அழுதோம். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பக்கத்தில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தவள் மே ம்யா. எழுந்து வேறு இடத்துக்குப் போனேன்.

நகர மதிலுக்குள் இனி வெள்ளைக்காரப் பட்டாளம்தான், குடிகள் எல்லாம் வெளியேற வேண்டும் என்று ஆணை வந்தது. இம்முறை பட்டியல் இல்லை, எழுத்தன் இல்லை. யாரும் எங்கேயும் போகலாம். என் மகன் தா துன் ஆற்றங்கரையில் மாமனார் வீட்டருகே இடம் பார்த்துவிட்டான். அவனும் மருமகளும் என் மூன்று பேத்திகளும் நானும் அங்கே இருப்பதாக ஏற்பாடு. மறுபடி தூண்களைப் பிடுங்கி இரண்டு வண்டியில் ஏற்றினோம்.

அகழியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், புளியமரத்தடியில் மே ம்யா தன் தூண்களை நட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி. முப்பத்துமூன்று வருடத்தில் நான் அப்படி ஒன்றை அங்கே பார்த்ததில்லை. என் வயிறு எரிந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

அவள் பயந்துவிட்டாள். கூடையிலிருந்து ஊறவைத்த தேயிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். எங்கள் நியாய சபையில் தீர்ப்பு முடிந்ததும் இரு தரப்பும் அந்தத் தேயிலையைத் தின்ன வேண்டும். தின்றுவிட்டால் வழக்குத் தீர்ந்தது, பிறகு யாரும் வாய் திறக்கக்கூடாது.

"நான்தான் மாத்தச் சொன்னேன்," என்றாள். "லூனுக்கு அப்ப பதினெட்டு வயசு. என் புருஷன் கால்ல விழுந்து மாத்தச் சொன்னேன். போதுமாடி? இதத் தின்னுட்டுப் போயிடு."

இத்தனை வருடம் இதைக் கேட்கத்தான் தவித்தேன். கேட்டதும் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. நான் ஒரு வாய் தின்றால் அவள் அன்றிரவு நன்றாகத் தூங்குவாள் என்றுதான் தோன்றியது.

"தூண இங்க எறக்குடா," என்றேன் தா துன்னிடம்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "அம்மா, அப்பா போயி எத்தன வருசமாச்சு. பிள்ளைங்க உன்னக் கேப்பாங்கம்மா. வாம்மா."

"ராஜா சொல்லி ரெண்டு தடவ இவ பக்கத்துல குடிவந்தேன். இப்ப நானா வர்றேன். குழியத் தோண்டு."

மே ம்யா பெட்டியை நீட்டியபடியே நின்றாள். நான் வாங்கவில்லை. தா துன் குழி தோண்டி, எனக்கு ஒரு சின்ன வீட்டுக்குப் போதுமான தூண்களை மட்டும் நட்டான். மிச்சத்தை வண்டியிலேயே விட்டான். கடைசிப் பேத்தி என் துணியை விடாமல் அழுதாள். அவள் விரல்களை நானே பிரித்துவிட்டேன். இரண்டு வண்டிகளும் ஆற்றங்கரைப் பாதையில் திரும்பிப் போயின. மே ம்யா உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். நான் என் பாயை அந்தப் படலுக்கு எதிரே விரித்து உட்கார்ந்தேன்.