திவாகரனின் பதினெட்டுப் பாகை

வத்தேகமவைச் சேர்ந்த திவாகரன் எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஐந்து நிமிடத்தில் அங்கே வெப்பநிலை பதினெட்டுப் பாகைக்கு இறங்கிவிடும். 2017இல் கம்பளை மீன்கடையொன்றில் குளிர்ப்பெட்டி திருத்தும்போது குழாய் விட்டுப்போய், உள்ளேயிருந்த கேஸ் முழுவதும் அவனுடைய வலது காதுக்குள் போய்விட்டது, அன்றிலிருந்து இப்படி. கடைக்காரர்கள் இதை நல்ல வசதியாக எடுத்துக்கொண்டார்கள். ஏசி பழுது என்று கூப்பிடுவார்கள். வந்தவனை மெசினைத் தொடவிடாமல் கதிரையில் உட்காரவைத்து, பிளேன்டீயும் வடையும் கொடுத்து, சாயங்காலம்வரை ஊர்க்கதை பேசுவார்கள். மார்கழி, தை மாதங்களில் மட்டும் ஒருவருக்கும் அவன் ஞாபகம் வராது.

அவனுக்கு வேண்டியிருந்தது வேறு. பல்லேகலயில், அவன் விரும்பிய சுபாஜினி தையல் வேலை பார்க்கும் கார்மென்ட்ஸில் ஏசி மெக்கானிக் வேலையொன்று காலியாக இருந்தது. செர்டிபிகட் இல்லாதவனை எடுக்க மாட்டார்கள். நிரந்தர வேலை இல்லாதவனுக்குப் பெண் இல்லை என்று சுபாஜினியின் அப்பா ராஜலிங்கம் சொல்லிவிட்டார். ஆவணி பிறந்தால் மாத்தளை மாப்பிள்ளை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. திவாகரன் கண்டிக்குப் பரீட்சை எழுதப் போனான். பழுதான ஏசியைத் திருத்த வேண்டும்; திருத்துமுன் அறை எவ்வளவு சூடு, திருத்திய பின் எவ்வளவு என்பதைப் பரீட்சகர் அவன் முன்னிலையிலேயே படிவத்தில் குறிக்க வேண்டும். பரீட்சகர் ஸெய்னுலாப்தீன் நேர்மையான மனிதர். முன்: பதினெட்டு. பின்: பதினெட்டு. வேலை நடந்ததற்கு அத்தாட்சி இல்லை. இப்படியே மூன்று தடவை தோற்றான். மூன்றாம் தடவை ஸெய்னுலாப்தீன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“மகன், ஒங்கட கை வேல சுத்தம். ஆனா ஃபோர்ம்ல நான் என்னத்த எழுத?” என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

நாலாம் தடவை ஆடிக் கடைசியில் வந்தது. சுபாஜினி அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனாள். பற்கள் தந்தியடிக்கக் கதவருகே நின்றவள், பரீட்சகர் இருக்கிறார் என்றும் பாராமல் சொன்னாள்: “இந்த தடவையும் போச்சுன்னா போகட்டுங்க. அப்பா என்னா சொன்னாலும் நான் ஒங்களத்தான் கட்டிக்குவேன்.”

முதலில் திவாகரனின் காதுகள் சிவந்தன. வெப்பமானி இருபது, இருபத்தைந்து என்று ஏறி முப்பத்தொன்றில் நின்றது. ஸெய்னுலாப்தீன் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அவசர அவசரமாக முதல் கட்டத்தை நிரப்பினார். அவள் அசையாமல் நிற்க, திவாகரன் வியர்க்க வியர்க்க மெசினைத் திருத்தினான். அவன் இன்னமும் கொதித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அறை இருபத்திரண்டுக்கு இறங்கியது. அது மெசினின் வேலை என்பதில் சந்தேகமே இல்லை. பயன்படுத்திய கருவிகள் என்ற கட்டத்தில் ஸெய்னுலாப்தீன் மனச்சாட்சிப்படி எழுதினார்: பிரஷர் கேஜ் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, சுபாஜினி ஒன்று.

ஆவணியில் கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை திவாகரன்தான். செர்டிபிகட்டில் உள்ள கருவிகள் இல்லாமல் வேலை செய்ய அனுமதி கிடையாது. ஆகவே கார்மென்ட்ஸ் கேட்டில் காவலாளி தினமும் காலையில் மூன்றையும் புத்தகத்தில் பதிகிறார். முதல் நாளே சுபாஜினி சண்டை பிடித்ததால் அவள் பெயருக்கு எதிரே மட்டும் எண்ணிக்கை கிடையாது. அவளே கையெழுத்து வைக்கிறாள். அவள் வராத நாட்களில் மெசினைத் தொட முடியாமல் திவாகரன் சும்மா உட்கார்ந்திருக்க, தையல் பகுதி பதினெட்டுப் பாகையில் நடுங்கும். யாரும் முறைப்பாடு செய்வதில்லை. அவளுக்கு உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று திவாகரனிடம் விசாரித்துவிட்டு, ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வார்கள்.