வெள்ளிக்கிழமைக்குள் ஒரு போர்வை

செவ்வாய்க்கிழமை மதியம் டிப்போவில் பேருந்தை நிறுத்திச் சாவியை ஒப்படைக்கும்போது டிரைவரம்மாவுக்கு அந்த அழைப்பு வந்தது. ஒரு குழந்தையைத் தத்தெடுக்க எழுதிக் கொடுத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. போன மாதம் ஒரு குழந்தையின் புகைப்படம் வந்தது. உத்தரவு வர இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இப்போது காப்பகத்து மேலாளர், எல்லாம் முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதலில் காவலாளியிடம் சொன்னாள். அப்புறம் மெக்கானிக்கிடம். மூன்றாவதாகத்தான் கணவனுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவன் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவன், அளந்து பேசுகிறவன். போனில் எல்லாவற்றையும் கேட்டு ஏழு தடவை "சரி" என்றான். பிறகு, "யாரு பேசறது?" என்றான்.

அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை தையல்காரி. புகைப்படம் வந்த அன்றே குழந்தைக்கென்று ஒரு போர்வை ஆரம்பித்திருந்தாள். உள்ளங்கையளவு துண்டுகள் நாற்பத்திரண்டைச் சேர்த்து மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் மஞ்சள் துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் கைத்தையல் பாதி முடிந்திருந்தபோது, ஈரப் படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். இரண்டு வாரமாகக் கையில் மாவுக்கட்டு. போர்வை ஊசி குத்தியபடியே மேசையில் கிடந்தது.

மிச்சத்தை மிஷினில் ஓட்டிவிடலாமா என்று அக்கா கேட்டாள். தங்கை ஒப்புக்கொள்ளவே இல்லை. மிஷினில் ஓட்டினால் விறைத்துப்போகும், குழந்தையின் மேல் மெத்தென்று விழாது என்றாள்.

"எனக்குப் பட்டன் தைக்கவே ஒழுங்கா வராதுடி."

"அவ்வளவு பெரிய பஸ்ஸ சந்துக்குள்ள திருப்புற. ஒரு ஊசிய நேரா ஓட்ட மாட்டியா? உக்காரு."

உட்கார்ந்தாள். முதல் வரிசை பாம்பு போனதுபோல் வளைந்தது. தங்கை பார்த்தாள், பிரி என்றாள். இரண்டாவதையும் பிரி என்றாள். மூன்றாவதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பெரிய பட்டமாக எடுத்துக்கொண்டு டிரைவரம்மா வேகம் பிடித்தாள்.

மறுநாள் கணவனும் வேலை முடிந்து நேரே அங்கே வந்தான். அரிசி மணியளவு பற்களுக்கு மெழுகில் வடிவம் செதுக்கும் கை அவனுடையது. ஊசியை வாங்கினான், இரண்டு வரிசை போட்டான். ஒரு தையலுக்கும் இன்னொன்றுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. தங்கை உருகிப்போனாள். "மாமா, நீங்க பல்லைக் கட்டிட்டு அழறத விட்டுட்டு என் கடைக்கே வந்துடுங்க" என்றாள். மனைவிக்குத்தான் கொஞ்சம் எரிந்தது. அவன் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, போட்டி போட்டுக்கொண்டு தைத்தாள். அவன் ஒரு வரிசை முடிப்பதற்குள் இவள் இரண்டு முடித்தாள். நிமிர்ந்து, ஜெயித்த மகிழ்ச்சியில் எழுந்தபோது போர்வையும் கூடவே எழுந்தது. தன் சீருடைக் கால்சட்டையோடு சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள்.

தங்கைக்குச் சிரித்துச் சிரித்து மாவுக்கட்டுக்குள் கை வலித்தது. கால்சட்டையை வெட்டிவிடலாமா என்று பார்த்தார்கள். காலையில் அதே சீருடையில் பேருந்து எடுக்க வேண்டும். கடைசியில் கணவன், தன் பையிலிருந்து மெழுகு செதுக்கும் கருவியை எடுத்து, அவள் முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு தையலாக நெம்பி எடுத்தான். முக்கால் மணி நேரம் போயிற்று. அவள் அசையாமல் நின்றாள். "பொண்ணு பாத்தப்பகூட நீங்க என் பக்கத்துல இவ்வளவு நேரம் இருக்கல" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது உள்தையல் முடிந்திருந்தது. சுற்று ஓரப்பட்டியில் ஒரு பக்கம் பாக்கி. காரில் தைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கணவன் ஓட்ட, டிரைவரம்மா பின்சீட்டில் தங்கையோடு உட்கார்ந்தாள். ஊசி துணியில் இருந்தாலும் கண் சாலையில்தான் இருந்தது. பிரேக்கை இவ்வளவு சீக்கிரம் ஏன் மிதிக்கிறீர்கள், அந்த லாரிக்கு ஏன் வழிவிடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். உன்னைக் குத்துகிறது ஊசி, குற்றம் எனக்கா என்றான் அவன்.

காப்பகத்தில் வரிசையாகப் பச்சை நாற்காலிகள். கையெழுத்துக்கு அழைத்தார்கள். போட்டுவிட்டு வந்து தைத்தாள். மறுபடி அழைத்தார்கள். இன்னும் நான்கு அங்குலம் இருக்கும்போது உள்கதவு திறந்தது. ஆயா ஒருத்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். தலை நிறையச் சுருட்டை முடி. டிரைவரம்மா மடியிலிருந்த போர்வையை நாற்காலியில் போட்டாள். எழுந்து, இரண்டு கையும் நீட்டினாள். நீட்டியபோது விரல்களுக்கிடையே வெறும் நூல் மட்டும் தொங்குவதைப் பார்த்தாள்.

"இருங்க. இப்பக் குடுக்காதீங்க" என்றாள்.

ஆயா திகைத்து நின்றாள். மேலாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஐந்து வருஷம் காத்திருந்தவள் கடைசி நொடியில் கையை இழுத்துக்கொள்கிறாளே என்று அவர் முகம் மாறியது.

"ஊசியக் காணோம். அது கிடைக்காம என் பொண்ண நான் தொட மாட்டேன்."

என் பொண்ணு என்று அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கவனிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. போர்வையைத் தரையில் விரித்து, முழங்காலிட்டு, நாற்பத்திரண்டு கட்டங்களையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். கணவன் நாற்காலிகளுக்கடியில் தவழ்ந்தான். மேலாளரும் செருப்பைக் கழற்றி உதறினார். குழந்தை ஆயாவின் தோளிலிருந்து குனிந்து, தரையில் ஊர்ந்துகொண்டிருந்த இத்தனை பெரியவர்களையும் ஆர்வமாகப் பார்த்தது. பிறகு கெக்கலித்துச் சிரித்தது.

கடைசியில் ஊசி தங்கையின் கையைத் தாங்கிக் கழுத்தில் கட்டியிருந்த துணியில் கிடைத்தது. நூல் மாற்றும்போது அக்காவே அங்கே குத்தி வைத்து மறந்திருந்தாள். கணவன் அதை ஒரு காகிதத்தில் மடித்து மேலாளர் மேசைமேல் வைத்த பிறகுதான் அவள் கையை நீட்டினாள். குழந்தை ஒரு முறை இவள் மூக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இவளிடம் வந்தது. எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

திரும்பும்போது குழந்தை போர்வைமேல் தூங்கியது. அந்த நான்கு அங்குலத்தை வீட்டுக்குப் போனதும் முடித்துவிடலாம் என்று தங்கை மெதுவாகச் சொன்னாள்.

"இவ எழுந்திரிச்சப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் டிரைவரம்மா. அதோடு, முன்சீட்டுக்குக் குனிந்து, இன்னும் மெதுவாகப் போகச் சொன்னாள்.