ஆமையின் மூக்கில் சந்தனம்

இந்தப் பச்சையை நம்பலாமா?

இராசமலருக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் நெஞ்சின் ஓர் ஓரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஆமையின் விளக்கு பச்சையாகவே எரிகிறதே!

துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கோதுமை மா ஆலைக்குள், காற்றிலுள்ள தூசியை அளந்தபடி சில்லுகளில் தானாக ஊர்ந்து திரியும் பெட்டிக்குத்தான் ஆமை என்று பெயர். சண்டைக் காலத்தில் வயர்களோடு வந்த சாமான்; வாசலில் ஆமிக்காரர் கழற்றிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்வது இராசமலரின் வேலை. அது ஊர்ந்து வரும் சத்தத்திலேயே அவளுக்கு மனம் நிறைந்துவிடும். அவள் சொல்லி எடுபடாததெல்லாம் அது சொன்னால் எடுபட்டது.

மூட்டை கட்டும் பகுதியில் தூசி அதிகம் என்று அது எப்போதும் சிவப்புக் காட்டும். அங்கே தூசி இழுக்கும் காற்றாடி பூட்டுவதா என்று முடிவெடுக்கக் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து அன்று பின்னேரம் ஆட்கள் வருகிறார்கள். பச்சை எரிந்தால் காற்றாடி இல்லை.

மூட்டை தைக்கும் ஸுஹைர் இருமி முடித்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, நான் இருமுறன், உங்கட ஆமை பச்சை காட்டுது. ரெண்டு பேர்ல ஒராள் பொய்."

குனிந்து பார்த்தவர், "பொட்டு நல்ல வடிவு. ஆனா மூக்குக்குள்ளயா வைக்கிற?" என்றார்.

முதல்நாள் ஆயுதபூசை. தராசுக்கும் தையல் மெசினுக்கும் சந்தனம் வைத்த கையோடு ஆமைக்கும் வைத்தவள் அவள்தான். நெற்றி என்று நினைத்த இடம், காற்று உள்ளே போகும் துளை.

வெட்கமும் சிரிப்புமாகத் துடைத்துவிட்டாள். சற்று நேரத்தில் சிவப்பு எரிந்தது. தெரிந்தவர் ஒருவர் சுகமாகித் திரும்பி வந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

அதைப் பார்த்தபடியே வந்தார் மேலாளர் கனகரத்தினம். பூசைத் தட்டிலிருந்த சந்தனக் கிண்ணம் அவர் கையில்.

"பிள்ளை, இந்த நேரத்தில செலவைக் காட்டினால் ஆலையையே பூட்டிப்போடுவினம். அவை போகுமட்டும் திரும்ப வையுங்கோ. சாமிக்கு வைச்சதை ஆர் குறை சொல்லப்போகினம்?"

பயந்த மனிதர். அவர்மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. பின்னால் ஸுஹைர் மறுபடி இருமினார்.

"பூசை நேற்றோட முடிஞ்சுது, சேர். இனி வைக்க ஏலாது."

மெல்லச் சொன்னாள். கிண்ணத்தை வாங்காமல், ஆமைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.