மூன்றாவது வரிசைச் சுழல் நாற்காலி

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் சமையலறை ஜன்னல் புதுக் கால்பந்து மைதானத்தைப் பார்த்துத் திறக்கிறது. கண்ணை மூடிக்கொண்டா வெங்காயம் நறுக்க முடியும்?

கதையை ரிப்பனிடமிருந்து தொடங்குகிறேன். கால்பந்துக் கழகத் தலைவருக்கு எங்கள் தெரு வைத்த பெயர் அது. யாராவது புதுக் கதவு மாட்டினால்கூடக் கத்தரிக்கோலோடு வந்து நிற்பார். பழைய மைதானம் எப்போது விழலாம் என்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. புதியது கட்டக் கடன் கேட்டால், "முதலில் உங்கள் பணத்தில் அஸ்திவாரம் போடுங்கள், பிறகு பார்க்கலாம்" என்றது வங்கி. ரிப்பன் யோசித்தார். வராத மைதானத்தின் இருக்கைகளை அப்போதே விற்பது என்று முடிவு செய்தார். வெறும் மண்ணில் சுண்ணாம்பால் வரிசை வரிசையாகக் கோடு இழுத்து, மைக்கைப் பிடித்தார்.

"வீட்டுக்கு ஒரு நாற்காலி எடுத்துட்டு வாங்க! எங்க போடுறீங்களோ, அதான் காலத்துக்கும் உங்க இடம்!"

தெருவே நாற்காலியும் தலையுமாகக் கிளம்பியது. பார்லர் அக்கா, கடையில் வாடிக்கையாளரை உட்கார வைக்கும் சுழல் நாற்காலியையே உருட்டி வந்து மூன்றாவது வரிசையின் நட்டநடுவில் நிறுத்தினாள். என்னுடையது அவளுக்கு அடுத்து. பழைய மைதானத்தில் அவளுக்கு வாய்த்த இடம் ஒரு தூணுக்குப் பின்னால். பக்கத்தில் இருப்பவர் குதித்தால் கோல், தலையில் கைவைத்தால் கோல் இல்லை. "இத்தனை வருஷத்துல நான் முழுசாப் பாத்தது அந்தத் தூணைத்தான்" என்பாள். கடைக்குக் குளிர்சாதனம் வாங்கச் சேர்த்ததை அந்த ஒற்றை இடத்துக்குக் கொடுத்தாள்.

எங்கள் பணத்தில் அஸ்திவாரம் எழும்பியது. பிறகு வங்கிக்கும் தைரியம் வந்தது. நான்காவது வரிசையிலிருந்து மேலே வங்கி விருந்தினர்களுக்குக் கண்ணாடி அறை என்று பேச்சு. சரி, இருக்கட்டும் என்றோம். சுவர்கள் எழுந்த பிறகு வங்கிக்காரர்கள் வந்து அளந்து பார்த்தார்கள். சோபா போட இடம் பற்றவில்லையாம். இன்னும் ஒரு வரிசை, அதாவது எங்கள் மூன்றாவது வரிசையும் வேண்டுமாம். ஆக, எங்களைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் தூக்கிப் போட்டார் ரிப்பன். ஆறுதலுக்கு ஆளுக்கொரு கழகத் தொப்பி. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு வந்தது கொஞ்சம் தொளதொள.

பார்லர் அக்கா மட்டும் வாங்கவில்லை. மூன்றாவது வரிசைப் படியை மூடிக் கண்ணாடி அறைக்குத் தளம் போடவிருந்த அன்று, சுழல் நாற்காலியைச் சாய்தளம் வழியாக மேலே தள்ளிப்போய், கம்பிக் கட்டுக்கு நடுவே போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கீழே கலவை லாரியோடு நின்றது அவள் புருஷன். லாரியின் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். அவர் வாய் மட்டும் அசையாது.

எனக்கு முட்டிவலி. நின்றபடி வேடிக்கை பார்க்க முடியாது. அதனால் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டேன். நான் நாற்காலியோடு போவதைப் பார்த்த தெரு என்ன நினைத்ததோ, ஆளாளுக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டது.

"அக்கா, இறங்குங்க. கான்கிரீட் கொட்டணும்" என்று கெஞ்சினார் இன்ஜினியர்.

"கொட்டு தம்பி. தலையில துண்டு சுத்திக்கறேன்."

கீழிருந்து புருஷன் கத்தினார்: "அடியே, கலவை இறுகுது! உருளைக்குள்ளயே கல்லாப் போச்சுன்னா என் வேலை போயிடும்!"

"அப்ப ரிப்பனைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க!"

ரிப்பன் வியர்த்து வழிய வந்தார். "தாயே, வங்கிப் பணம் இல்லைன்னா கூரை இல்லம்மா."

"எங்க பணம் இல்லைன்னா தரையே இல்ல தலைவரே. தரையில நின்னுக்கிட்டுத்தானே கூரையைக் காட்டுறீங்க?"

"கோல் கம்பத்துக்குப் பின்னாடியும் நல்ல இடம்தாம்மா..."

"அப்ப சோபாவை அங்க போடுங்க."

கூட்டத்தில் நான்தான் முதலில் சிரித்தேன் என்று சொல்கிறார்கள். ரிப்பன் திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, நீயாவது சொல்லக் கூடாதா?"

அவர் மேலே ஏறி வந்து, பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் சொல்லி அவ எதைக் கேட்டிருக்கா? நீங்க ஒண்ணு பண்ணுங்க. கலவையைத் தடுக்கிற ஓரப் பலகையை ஒரு படி பின்னாடி தள்ளுங்க, நாலாவதுலேருந்து கொட்டுறேன். இல்லைன்னா கலவையை உங்க ஆபீஸ் வாசல்லதான் இறக்கணும். எங்கயாவது இறக்கித்தானே ஆகணும்?"

போன வாரம்தான் ரிப்பன் அந்த வாசலின் புதுப் பளிங்குக்கு ரிப்பன் வெட்டியிருந்தார். அவசரமாக வங்கிக்குப் போன் போட்டார். கூட்டம் கூட்டி யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். வங்கி யோசிக்கலாம், கலவைக்கு அந்தப் பொறுமை கிடையாது. கீழே உருளை இரும ஆரம்பித்தது.

"தள்ளித் தொலைங்கப்பா" என்றார் ரிப்பன்.

அவர் மனசு மாறுவதற்குள் தச்சர்கள் பலகையைப் பின்னால் தள்ளி அறைந்துவிட்டார்கள். தளம் நான்காவது படியோடு நின்றது. வங்கியின் மறுப்பு வந்து சேர்ந்தபோது இன்ஜினியர் தளத்தை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். இடிக்கும் செலவு யார் தலையில் என்று கேட்டதும் வங்கிக்காரர்கள் இருக்கிற இடத்துக்கே சோபாவை அளக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் ஆட்டத்தன்று கண்ணாடிக்குப் பின்னால் வங்கிக்காரர்கள் சோபாவில் புதைந்து கிடந்தார்கள். நெருக்கிப் போட்ட சோபா, ஆளுக்கு ஆள் முட்டி இடித்தது. அவர்களுக்கு முன்னால், மூன்றாவது வரிசையின் நட்டநடுவில், பார்லர் அக்கா. தொழில் தெரிந்த கை. தலைக்கு மேல் ஒரு கொண்டை, கோபுரம் மாதிரி.

இடைவேளையில் கோட்டு போட்ட ஒருவர் இறங்கி வந்தார்.

"மேடம், உங்க கொண்டை கொஞ்சம் மறைக்குது."

"தூணை விடச் சின்னதுதான் சார்" என்றாள் திரும்பாமல். "பழகிடும்."

அடுத்த ஆட்டத்துக்கு எங்கள் வரிசைப் பெண்கள் மொத்தப் பேரும் அவள் கடையில் சொல்லி வைத்திருக்கிறோம். என் தலையில் இருக்கும் நாலு முடிக்குக் கொண்டை நிற்குமா என்று கேட்டேன். உள்ளே பஞ்சு வைத்தாவது நிறுத்திவிடுகிறேன் என்றாள்.